ஒன்றரை அடித் தண்ணீருக்கு ஏழு கிலோ காற்று

அஞ்சுகம் வீடா? இதோ, எதுத்தாப்ல பச்சை கேட்டு போட்ட வீடுதான். ஆனா இப்பத் தட்டிப் பிரயோஜனமில்லை சார். இன்னைக்கு மீன் சந்தை. சாயங்காலம்தான் வருவா. வெயில்ல நின்னு என்ன பண்ணப்போறீங்க? உள்ள வாங்க. அந்த நாற்காலில உக்காருங்க, ஃபேன் காத்து அங்கதான் வரும்.

எங்கேருந்து வர்றீங்க? பாலிடெக்னிக்கா? வாத்தியாரா? மெக்கானிக்கலா? அட கடவுளே. நானும் மெக்கானிக்கல்தான் சார். ஏகாம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்ப்ரஸர் கம்பெனி, டிசைன் செக்‌ஷன், முப்பத்தோரு வருஷம். என் கையெழுத்து இல்லாம ஒரு போல்ட்டு அந்த கேட்டைத் தாண்டினது கிடையாது.

நீங்க யாரைத் தேடி வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா? டெய்லர். ஜாக்கெட் தைக்கிறவ. எட்டாங்கிளாஸ், அதுவும் முழுசா இல்லை. பசங்களைக் கூட்டிட்டு வந்து அவ பம்பைக் காட்டணுமா? தாராளமாக் காட்டுங்க. நம்ம நாட்டுல இன்ஜினியரிங் எப்படிச் செத்துதுன்னு பசங்களும் பாக்கட்டும்.

இல்ல, கோவமெல்லாம் இல்லை. எனக்கு எதுக்குக் கோவம்? நடந்ததைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

இது என் பொண்ணு வீடு. கோதைன்னு பேரு. மாப்பிள்ளை தணிகாசலம். ரிடையர் ஆனதுலேருந்து இங்கதான் இருக்கேன். இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு கலர் மீன் வளர்ப்புதான் பொழப்பு. மாடில போய்ப் பாருங்க, அறுபத்திரண்டு கண்ணாடித் தொட்டி. மனுஷன் காலை நீட்ட இடம் கிடையாது, மீனுக்கு முழு மாடி.

மீன் வளர்க்கறதுல என்ன கஷ்டம்னா, ஒரு தொட்டில அவ்வளவு மீனை அடைச்சு வெச்சா, காத்து ஊதிக்கிட்டே இருக்கணும். கரண்டுல ஓடுற மோட்டார், அதுலேருந்து ட்யூப், ட்யூப் நுனில ஒரு கல்லு, கல்லுலேருந்து குமிழி. கரண்டு போச்சு, குமிழி நின்னுச்சுன்னா ரெண்டு மணி நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்கும். அப்புறம் ஒண்ணொண்ணாக் கவுந்துடும். பேட்டரி வெச்சிருக்காங்க, அது அஞ்சாறு மணி நேரம் தாங்கும். புயல் அடிச்சா? மூணு நாள் கரண்டு வராது. நாலு நாள் வராது. அதுக்கு என்ன வழி?

அதுக்குத்தான் என்னைத் தேடி வந்தாங்க. சம்பங்கின்னு ஒருத்தர், மீன் வளர்க்கறவங்க சங்கத்துக்குத் தலைவர். நல்ல மனுஷன், மூளைதான் கொஞ்சம் மட்டு. "சார், கரண்டு இல்லாம ஓடுற மாதிரி ஒரு காத்து பம்பு செஞ்சு தர முடியுமா?"ன்னாரு. முடியுமாவா! பல் டாக்டரைப் பாத்துப் பல் பிடுங்குவீங்களான்னு கேக்கற மாதிரி இருந்தது.

எட்டு மாசம் சார். ஒன்பது ஷீட்டு டிராயிங். பம்புன்னா என்ன? ஒரு சிலிண்டர், உள்ள ஒரு பிஸ்டன். பிஸ்டன் ஒரு பக்கம் போனா காத்தை இழுக்கும், மறுபக்கம் வந்தா தள்ளும். இழுக்கற வழிக்கு ஒரு வால்வு, தள்ளுற வழிக்கு ஒரு வால்வு. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பும் அதுதான். தத்துவம் எந்த மடையனுக்கும் தெரியும். டிசைன்ங்கறது வேற. நான் போட்டது வார்ப்பிரும்பு சிலிண்டர். காத்து கசியாம இருக்க பிஸ்டனுக்கு ரெண்டு ரிங்கு. எண்ணெய் தானா ஏறி நனைக்கும். வால்வுக்கு ஸ்ப்ரிங்கு. ஓட்டறதுக்கு டீசல் இன்ஜின். ஏழு கிலோ அழுத்தம். ஏழு கிலோ! அந்தக் காத்தை வெச்சு லாரி டயருக்கு அடிக்கலாம்.

சங்கத்துக் கூட்டத்துல டிராயிங்கை விரிச்சு விளக்கினேன். எல்லாரும் வாயைத் திறக்காமக் கேட்டாங்க. கேக்கத்தானே முடியும், வேற என்ன தெரியும் அவங்களுக்கு? அப்பக் கடைசி வரிசைலேருந்து ஒரு பொம்பளை எழுந்திருச்சா. கழுத்துல அளவு டேப்பு தொங்குது. இவதான், அஞ்சுகம். தையலோட வீட்டுல மீனும் வளர்க்கறவ.

"சார், ஒரு சந்தேகம். மீனுக்கு எத்தனை கிலோ வேணும் சார்?"

நான் சொன்னேன், "அம்மா, மீனுக்கு எத்தனை கிலோன்னு இல்லை. பம்பு எத்தனை கிலோ குடுக்கும்ங்கறதுதான் கேள்வி."

"இல்ல சார், எங்க தொட்டியெல்லாம் ஒன்றரை அடிதான் ஆழம்"னு சொல்லிட்டு, மேஜை மேல இருந்த தண்ணி ஜக்குல ஒரு ட்யூப்பை அடிவரைக்கும் விட்டு, வாயால ஊதினா. குமிழி வந்தது. "என் வாயே போதுது சார். வாய் வலிக்குமேன்னுதான் பம்பு கேக்கறோம்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவளைப் பாத்துத்தான் சிரிச்சாங்க. சிரிக்கும்போது என் பக்கம் திரும்பினாங்கன்னா, அது நான் என்ன சொல்றேன்னு பாக்கறதுக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. பதில் சொல்லணும்னா எதிர்ல இருக்கறவங்களுக்குக் கொஞ்சமாவது விஷயம் தெரியணும் இல்லையா?

என் பம்பு செஞ்சு வந்தது. சாம்பல் கலர் பெயிண்ட்டு, பித்தளைத் தகட்டுல என் பேரு. தெருக்கோடில சம்பங்கி வீட்டு ஷெட்டுல உக்கார வெச்சு, அங்கேருந்து இருபது வீட்டுக்கு பைப்பு இழுத்தோம். அஞ்சுகம் மட்டும், "எனக்கு வேணாம் சார், நான் பாத்துக்கறேன்"ன்னுட்டா. பாத்துக்கட்டுமே.

அவ என்ன பாத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலை சார், அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. மொட்டை மாடில துணி காயப்போடப் போனேன், அங்கேருந்து அவ ஷெட்டு தெரியும். நாலஞ்சு நாள் தொடர்ந்து துணி காயப்போட வேண்டியிருந்தது.

பழைய தையல் மெஷின். மேல இருக்கற மெஷினைக் கழட்டிட்டா. கீழ இரும்பு ஸ்டாண்டும் பெடலும் சக்கரமும் அப்படியே இருக்கு. சக்கரத்துல ஓரமா ஒரு கம்பியை மாட்டி, அந்தக் கம்பியோட மறுமுனைல பிஸ்டன். சிலிண்டர் என்ன தெரியுமா? நாலு இஞ்ச் பிவிசி பைப்பு. மழைத் தண்ணி எறங்கறதுக்குச் சுவத்துல விடுவாங்களே, அது. பிஸ்டன்? மரம் சார், மரம்! வட்டமா அறுத்த மரக்கட்டை. அதுல தெருவுல அடிபம்புக்குப் போடுற தோல் வாஷர். வால்வு? அடில ஓட்டை போட்டு, அதுமேல சைக்கிள் ட்யூப்பை வெட்டி நாக்கு மாதிரி ஒட்டியிருக்கா. காத்து ஒரு பக்கம் தள்ளினா நாக்கு தூக்கும், மறுபக்கம் இழுத்தா படிஞ்சுக்கும். அவ்வளவுதான். ஸ்ப்ரிங்கு கிடையாது, ரிங்கு கிடையாது, எண்ணெய் கிடையாது. தோல் காஞ்சு போகாம இருக்க பிஸ்டன் தலைல ஒரு டம்ளர் தண்ணி ஊத்துவாளாம். எண்ணெய்க்குப் பதிலாத் தண்ணி! முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒரு அசிங்கத்தை நான் பாத்ததில்லை.

இன்னும் கேளுங்க. பெடல் மிதிச்சா காத்து விட்டு விட்டுத்தானே வரும்? அதுக்கு ஒரு லாரி ட்யூப்பு. அதுல காத்து ரொம்பும். அதுமேல ஒரு பலகை, பலகை மேல ஆறு செங்கல். செங்கல் அழுத்துறதுல காத்து ஒரே சீரா தொட்டிக்குப் போகும். ஒரு செங்கலை எடுத்தா அழுத்தம் குறையும், வெச்சா கூடும். ப்ரஷர் கேஜ் கெட்ட கேடு! செங்கல்!

கோதைகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கலை. "அப்பா, அது ஓடுதாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. ஓடுறதா முக்கியம்?

மார்கழில புயல் வந்தது. விடியக்காலைல கரண்டு போச்சு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எல்லார் வீட்டுப் பேட்டரியும் தீர்ந்தது. தெருவுல முழங்கால் தண்ணி. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சம்பங்கி ஷெட்டுக்குப் போய் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணேன். ஒரே இழுப்புல பிடிச்சுது சார். என்ன சத்தம்! கேஜ்ல முள்ளு ரெண்டு, நாலு, ஆறு, ஏழு. பத்து நிமிஷம் அந்த முள்ளு நடுங்காம நின்னதை நீங்க பாத்திருக்கணும். நான் டிசைன் பண்ணின மாதிரியே, ஒரு நூல் பிசகாம.

அப்புறம் ஒவ்வொரு வீட்டுலயும் ட்யூப்பு பிச்சுக்க ஆரம்பிச்சுது. ஏன்? ட்யூப்பை மாட்டினவனுங்க ஒழுங்கா மாட்டலை. அதெல்லாம் மெல்லிசு ட்யூப்பு, ஒரு கிலோ கூடத் தாங்காதுன்னு பின்னால சொல்றாங்க. முன்னாலயே சொல்லணும்ல? நான் வால்வைத் திருகிக் காத்தைக் குறைச்சேன். குறைச்சா இன்ஜின் சூடாகுது, சேஃப்டி வால்வு விசில் அடிக்குது, தொட்டிக்குக் காத்து போகலை. தணிகாசலம் தண்ணில ஓடி வந்து சொல்றாரு, "மாமா, கோதை சொல்லச் சொன்னா. காத்து பலமா வருதே தவிர நிறைய வரலையாம்."

பலமா வருதே தவிர நிறைய வரலையாம்! எந்தக் காலேஜ்ல படிச்சா அவ?

வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். கோதை தொட்டி முன்னால நின்னுக்கிட்டு, என்னைப் பாக்காமலே சொன்னா. "அப்பா, தண்ணி மேல எண்ணெய் மிதக்குது."

"ரோட்டுல வெள்ளம்மா. வண்டி எண்ணெயெல்லாம் கலந்திருக்கும்."

"இது மாடிப்பா."

உண்மைல கொஞ்சம் எண்ணெய் இருந்தது. வானவில் மாதிரி ஒரு படலம். சிலிண்டர்ல எண்ணெய் இருந்தா காத்தோட கொஞ்சம் வரத்தான் செய்யும், எந்தக் கம்ப்ரஸர்லயும் வரும். லாரி டயர் அதுக்காகச் செத்துப் போறதில்லை. மீன் அவ்வளவு பலவீனமான பிராணின்னு யாரு எனக்குச் சொன்னாங்க?

பதினோரு ஜோடி செத்துது. டிஸ்கஸ்னு ஒரு ஜாதி, தட்டு மாதிரி வட்டமா இருக்கும். குஞ்சு பொரிக்கிற ஜோடியாத் தயார் பண்ண ரெண்டு வருஷமாகும்னு கோதை சொல்லுவா. கோதை அதுங்களுக்குக் கையால தீனி குடுப்பா, வந்து விரலைக் கவ்வும். ஏற்கெனவே சீக்கு மீனா இருந்திருக்கும். நான் அப்படித்தான் சொன்னேன். அவ அழக்கூட இல்லை. செத்ததைத் துணில எடுத்து வெச்சா. உசிரோட இருந்ததை பக்கெட்டுல போட்டா. தணிகாசலத்தைக் கூப்பிட்டா. ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு, இடுப்பளவுக்கு நனைஞ்சுக்கிட்டு, எதிர் வீட்டுக்குப் போனாங்க. நான் நிக்கறேன், என்னைத் தாண்டித்தான் போனா. "நகருங்கப்பா"ன்னா. அன்னைக்கு அவ என்கிட்ட பேசின கடைசி வார்த்தை அதுதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெத்த பொண்ணு, அப்பன் செஞ்ச பம்பை விட்டுட்டு ஒரு டெய்லர் வீட்டுக்கு மீனைத் தூக்கிட்டுப் போறா. தெருவே பாக்குது. விட்டுடுவேனா? நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு பின்னாலயே போனேன்.

ஷெட்டுல கும்பல். தெருவுல இருக்கற மீனெல்லாம் அங்கதான். அண்டா, ட்ரம்மு, குழந்தை குளிக்கிற டப்பு, எல்லாத்துலயும் மீனு, எல்லாத்துலயும் பொடிப்பொடியாக் குமிழி. நடுவுல அஞ்சுகம் உக்காந்து பெடல் மிதிச்சுக்கிட்டிருக்கா. தடக் தடக்னு தையல் சத்தம். பன்னெண்டு மணிலேருந்து மிதிக்கிறாளாம். கால் ரெண்டும் வீங்கி இருந்தது. மத்தவங்க மாத்தி விடறோம்னா, மிதிக்கிற பழக்கம் இல்லாதவங்க ஒரு நேரம் வேகமா, ஒரு நேரம் மெதுவா மிதிக்கறாங்க, லாரி ட்யூப்பு சுருங்கிடுதுன்னு இவளே உக்காந்திருக்கா.

என்னைப் பாத்தா. நான் நறுக்குன்னு கேக்க வாயைத் திறக்கறேன், அவ சொல்றா, "சார், நல்ல வேளை வந்தீங்க. மிஷின் தெரிஞ்ச கால் வேணும். கொஞ்சம் உக்காருங்க, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

என்ன பண்ணச் சொல்றீங்க? நின்னுக்கிட்டே இருக்க முடியுமா, வேற நாற்காலி கிடையாது. உக்காந்தேன். உக்காந்தா கால் சும்மா இருக்குமா? மிதிச்சேன்.

தப்பா நினைக்காதீங்க சார். அதுல எத்தனை குறை இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் மிதிச்சேன். ஒரு மிஷினை ஓட்டிப் பாக்காம குறை சொல்லக்கூடாது, அது என் கொள்கை. பாக்கெட்டுல சின்ன நோட்டு எப்பவும் இருக்கும். நிமிஷத்துக்கு அம்பத்திரண்டு மிதி. அதுக்கு மேல போனா வாஷர் சூடாகுது, கீழ போனா செங்கல் எறங்குது. அம்பத்திரண்டுல வெச்சா பலகை அசையறதே இல்லை. எழுதிக்கிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. எழுதிக்கிட்டேன். வாஷர் தாண்டி ஒரு சொட்டு எறங்கினாலும் அது வெறும் தண்ணி, தொட்டிக்குப் போனா ஒண்ணும் ஆகாது. அதையும் எழுதிக்கிட்டேன்.

கோதை ஓரமா பக்கெட்டுக்கிட்ட குந்தியிருந்தா. நான் அவளைப் பாக்கலை. அவளும் என்னைப் பாக்கலை. அவளோட மீனு மூணு மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு கீழ போச்சு. அப்புறம் இன்னொண்ணு. மூணாவது ரொம்ப நேரம் போகலை. எனக்கு முட்டி வலி உண்டு சார், படி ஏறினாலே பிடிச்சுக்கும். அந்த மூணாவது கீழ போற வரைக்கும் காலை எடுக்கலை. ரீடிங்கை நடுவுல விடக்கூடாது பாருங்க.

மூணு நாள் கரண்டு வரலை. அவ கொஞ்சம், நான் கொஞ்சம்னு மாத்தி மாத்தி மிதிச்சோம். கணக்குப் பாத்தா நான் மட்டும் பத்தொன்பது மணி நேரம். குறை கண்டுபிடிக்கறதுன்னா சும்மாவா?

கண்டுபிடிச்சேனா? ஏகப்பட்டது. பாக்கறதுக்கு அசிங்கம். அது ஒண்ணு போதாதா?

புயல் எல்லாம் அடங்கின அப்புறம் சங்கத்துல முடிவு பண்ணாங்க, நாப்பது வீட்டுக்கு நாப்பது பம்பு, அவளோட மாதிரியே. ஒர்க்‌ஷாப்காரன் டிராயிங் கேட்டான். டிராயிங் போட இந்தத் தெருவுல யாரு இருக்கா? வேறாளைத் தேடியிருந்தா அது அவங்க அறிவு. என்கிட்டதான் வந்தாங்க. சம்பங்கி வாசல்லயே நின்னுட்டாரு. இவ மட்டும் உள்ள வந்து, "சார், நீங்கதான் போட்டுத் தரணும். எனக்கு ஜாக்கெட் கட்டிங்தான் வரையத் தெரியும்"ன்னா.

ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன். அப்படியே வரைஞ்சா என் படிப்புக்கு என்ன மரியாதை? கொஞ்சமாவது திருத்திக் குடுக்கணும்னு பாத்தேன். மரத்துக்குப் பதிலா இரும்பு பிஸ்டன் போட்டேன். கனம் கூடுது, பெடல் தாங்கலை. தோலுக்குப் பதிலா ரிங்கு போட்டேன். எண்ணெய் வேணும். ரப்பர் நாக்குக்கு ஸ்ப்ரிங்கு வெச்சேன். அதைத் தூக்கவே பாதிக் காத்து போயிடுது. செங்கலை எடுத்துட்டு இரும்புக் குண்டு வெச்சேன். செங்கல் உடைஞ்சா தெருவுல இன்னொண்ணு கிடைக்கும், குண்டுக்கு எங்க போறது? எதைத் தொட்டாலும் கெட்டுப் போகுது. கடைசில, போ, குப்பையைத் திருத்தி என்ன ஆகப்போகுதுன்னு அப்படியே வரைஞ்சுட்டேன். ஒரே ஷீட்டு. என் சர்வீஸ்ல அவ்வளவு சின்ன டிராயிங் நான் போட்டதில்லை.

டிராயிங்கோட வலது கீழ் மூலைல ஒரு கட்டம் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? வரைந்தவர், வடிவமைத்தவர்னு. வரைந்தவர் நான். அடுத்த கட்டத்துக்கு வந்து, அவளைக் கூப்பிட்டு உன் முழுப் பேரு என்னம்மான்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா?

"சார் பேரையே ரெண்டுலயும் போட்டுக்குங்க சார். என் பேரு எதுக்கு? மீனு பொழைச்சா போதும்."

எனக்கு வந்ததே கோவம்! "ஏம்மா, என்னை என்னன்னு நினைச்சே? அடுத்தவ வாஷரைத் திருடிப் பேர் வாங்குற பொறுக்கின்னு நினைச்சியா? நாலு பேர் பாக்கற டிராயிங்மா இது! நான் போடாத டிசைனுக்கு என் பேரா?"ன்னு கத்தினேன். அவ பயந்துட்டா. மெதுவா, "கு. அஞ்சுகம்" அப்படின்னா. குன்னா என்னன்னேன். "குப்புசாமி, எங்கப்பா"ன்னா. கட்டம் கொள்ளற அளவுக்குப் பெரிய எழுத்துல போட்டேன். கு. அஞ்சுகம். ஏன் பெரிசாப் போட்டேன்னா, நாளைக்கு அந்தச் சனியன் நடுவுல நின்னு மீனெல்லாம் செத்தா, யாரோட வேலைன்னு எல்லாருக்கும் தூரத்துலேருந்தே தெரியணும். அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்லை.

அந்த ஷீட்டு மேஜை மேல கிடந்தது. கோதை சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தவ அதைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார், அவ என்கிட்ட பேசி. சாப்பாடு வரும், பேச்சு வராது. அன்னைக்கு உள்ள போயி ஒரு டம்ளர் காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, "ஆறிடும், குடிங்கப்பா"ன்னா. அவளுக்கும் ஒரு வழியாப் புரிஞ்சிருக்கும், தப்பு என் டிசைன்ல இல்லை, மீனுலதான்னு.

நாப்பதும் செஞ்சு வெச்சாச்சு. ஓடுது. அதுக்கப்புறம் ரெண்டு மழை வந்து கரண்டு போச்சு, ஒண்ணு கூட நிக்கலை. ஆனா இதெல்லாம் எத்தனை நாளைக்கு? மரமும் தோலும் சைக்கிள் ட்யூப்பும்! நான் விடறதா இல்லை சார். திங்கக்கிழமை திங்கக்கிழமை வீடு வீடாப் போறேன். ஒவ்வொரு பம்பையும் நானே உக்காந்து மிதிச்சுப் பாக்கறேன். வாஷர் தேஞ்சிருந்தா மாத்தி விடறேன், நாக்கு தளர்ந்திருந்தா ஒட்டி விடறேன், தண்ணி ஊத்த மறந்திருந்தா நல்லாத் திட்டிட்டு ஊத்திட்டு வர்றேன். எப்படியும் ஒரு நாள் நிக்கத்தான் போகுது. அதைப் பாக்காம விடமாட்டேன்.